வார்டில் தமிழ் தெரிந்த இரண்டு பேர்

இன்று காலை கண் ஆஸ்பத்திரியில் என் முறைக்காகக் காத்திருந்தேன். புரை எடுத்த கண்ணுக்கு மறு பரிசோதனை. உள்ளேயிருந்து ஓர் இளம் நர்ஸ் வெளியே வந்து, "தமிழ் அறியாவுந்ந ஆரெங்கிலும் உண்டோ இவிடெ?" என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாக மலையாளத்தில் கேட்டாள், தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று. யோசிப்பதற்குள் என் கை உயர்ந்துவிட்டது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "நல்லாருப்ப தாயி" என்றார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, தூக்கிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் "எந்து பற்றி?" என்றாள், என்ன ஆயிற்று என்று. அவளிடம் என்ன சொல்வேன்? உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது.

நாம் இருவரும் ராணுவ நர்சிங் பயிற்சியில் ஒரே பேட்ச். நான் கரமனை அக்ரஹாரத்திலிருந்து வந்தவள். நீ பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய ஊரில், சர்ச்சை அடுத்த வீட்டிலிருந்து வந்தவள். "கண்டவா உடம்பைத் தொடற உத்தியோகம்" என்று சொல்லி என் அப்பா ரயிலடிக்கு வரவில்லை. உன் அப்பா வந்திருந்தார். உன் தலையில் ஒரு கையும், முன்பின் தெரியாத என் தலையில் இன்னொரு கையும் வைத்து ஜெபம் செய்தார். வண்டி நகர்ந்த பிறகு, "எடீ, இனி நீ எனக்க அப்பாவுக்கும் பிள்ளைதான்" என்று சிரித்தாய்.

வடக்கே அந்த விடுதியில் நம் பேச்சு யாருக்கும் விளங்கியதில்லை. உன் தமிழிலும் என் தமிழிலும் பாதி மலையாளம். "ஆத்துக்கு லெட்டர் போடணும்" என்று நான் சொன்னால், "ஆத்துல போட்டா நனைஞ்சு போகுமேடீ" என்பாய். மற்றவர்கள் நம்மை மலையாளிகள் என்றே எண்ணினார்கள். நாமும் திருத்தவில்லை. பயிற்சி முடிந்து வேறு வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போனோம். இலங்கைக்குப் படை போனபோது, அங்கே அமைத்த ராணுவ ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

முதல் நாளை நான் எத்தனையோ விதமாக மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். நடந்தது ஒன்றுதான். பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் அது. கரும்பலகையில் யாரோ எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் ஊர் ஜனங்கள் காயத்தோடு கிடந்தார்கள். டாக்டர் மேஜர், வடநாட்டுக்காரர், வரிசையில் நின்ற நம் ஆறு பேரையும் பார்த்து, யாருக்காவது தமிழ் தெரியுமா என்று கேட்டார். நீ கை தூக்கினாய். நான் தூக்கவில்லை.

பயம்தான் காரணம். வேறு பெயர் வைத்து அதை நான் மறைக்கப் போவதில்லை. உள்ளே வரும்போதே வாசலில் ஒரு தாய் மண்ணில் புரண்டு என்ன சொல்லி அழுதாள் என்று எனக்குப் புரிந்திருந்தது. என்னுடன் வந்த பஞ்சாபிப் பெண்ணுக்கு அது வெறும் அழுகை. அவளைப் போல இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாய். பிறகு மேஜருக்குப் பின்னால் நடந்து போய்விட்டாய். யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

வார்டில் சிப்பாய்கள் ஒரு பக்கம், ஊர் ஜனங்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு கித்தான் திரை. வேலையில் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. உடுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம், கட்டு மாற்றினோம், டிரிப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடினோம். ஆனால் உனக்கு அதற்கு மேலும் ஒரு வேலை இருந்தது. நல்ல செய்திக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மேஜர் சிரித்துத் தோளைத் தட்டினாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். கெட்ட செய்திக்குத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். காலை எடுக்க வேண்டும். கண் இனி தெரியாது. கொண்டுவந்தபோதே உயிர் இல்லை. அந்த வார்டில் இப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லும் உன் வாயிலிருந்துதான் வெளியே வந்தது.

முதலில் அவர்களைத் தரையில் உட்கார வைப்பாய். நீயும் வெள்ளை உடுப்போடு பக்கத்தில் உட்காருவாய். தண்ணீர் கொடுப்பாய். பிறகு நேராகச் சொல்லிவிடுவாய். "கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்லக் கூடாதாடி?" என்று ஒருநாள் கேட்டேன். "அவுங்க எனக்க மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்கடீ. பெறவு எதுக்கு இழுக்கணும்?" என்றாய்.

நான் நான்கு கட்டில் தள்ளி ஒரு சிப்பாய்க்கு நாடி பார்த்துக்கொண்டு நிற்பேன். திரைக்கு அப்பால் நீ சொல்வது முழுவதும் என் காதில் விழும். அவர்கள் பதிலுக்குச் சொல்வதும் விழும். நாடியின் கணக்கு விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். அப்போதும் நான் திரையை விலக்கிக்கொண்டு வந்ததில்லை.

அந்த மீனவரையும் அவர் மகளையும் பற்றி நாம் பிறகு ஒரு தடவைகூடப் பேசியதில்லை. சிறுமிக்குப் பத்து வயது இருக்கும். வயிற்றில் ஷெல் துண்டு பாய்ந்திருந்தது. எங்கிருந்து வந்த ஷெல் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. காலையில் அறுவை சிகிச்சை முடிந்தது. மாலைவரைகூடத் தாங்காது என்று மேஜர் சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தார். நீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். "அய்யா, பிள்ளைக்கு வலி இல்ல. மருந்து குடுத்திருக்கோம். ஆனா பிழைக்காது. உள்ள வந்து கையைப் புடிச்சுக்கிடுங்க" என்றாய்.

அவர் அழவில்லை. கும்பிட்டார். "தங்கச்சி, உங்களுக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "விளங்காத பாஷையில சொல்லியிருந்தா, பின்னேரம் வரைக்குமாவது பிள்ளை பிழைச்சிடும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன்."

அன்று கூடாரத்துக்கு வந்ததும் உன் தொப்பியைக் கழற்றி வாங்கி, "கொஞ்சம் படுத்துக்கோடி" என்றேன். "வேண்டா. எனிக்கு குழப்பமொந்நுமில்லா" என்றாய். எனக்கு ஒன்றுமில்லை என்று, மலையாளத்தில். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. மறுநாளும் மலையாளம்தான். அதற்கடுத்த நாளும். வார்டில் மட்டும், கூப்பிட்டால் போய், சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டு வந்தாய். என்னிடம் அதன் பிறகு ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை. ஊர் திரும்பிய பிறகும்தான்.

நான் கல்யாணத்துக்குப் பின் வேலையை விட்டேன். நீ பென்ஷன் வரைக்கும் இருந்தாய். உன் மகள் ஜீனாவை முழுக்க மலையாளத்திலேயே வளர்த்தாய். உன் தம்பி குடும்பம் வந்தால் அவர்கள் தமிழில் கேட்பார்கள், நீ மலையாளத்தில் பதில் சொல்வாய். அம்மாவுக்குத் தன் சொந்தக்காரர்கள் என்றால் இளப்பம் என்று ஜீனா வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாளாம். கழக்கூட்டத்தில் அவளுக்கு வேலை கிடைத்து நீங்கள் ஃபிளாட் எடுத்த பிறகு, மாதம் ஒருமுறை பஸ் பிடித்து உன்னைப் பார்க்க வருவேன். ஒருநாள் நீ அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாய். நான் கதவருகே நின்று, "அன்னிக்கு நானும் கை தூக்கியிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை மூடினாய்.

"ஒராள் மதியாயிருந்நு. ரண்டு பேரும் எந்தினா?" என்றாய்.

ஒருத்தி போதும், இரண்டு பேரும் எதற்கு. அதை நீ என்னை மன்னித்ததாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. மன்னிப்பு இல்லை, வெறும் களைப்பு அது என்று புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

உனக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் மத்தியானம் ஜீனா கூப்பிட்டாள். "ஆன்டி, ஒந்நு வேகம் வருமோ? அம்மா தமிழா பறயுந்நே. எனிக்கொந்நும் மனசிலாவுந்நில்லா." பெற்ற தாய் கடைசியில் தமிழில் பேசுகிறாள், ஒன்றும் புரியவில்லை என்று அந்தப் பெண் அழுதாள். ஆட்டோ பிடித்து வந்தேன். வழியெல்லாம் நெரிசல். நீ பேசி முடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று கை பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் ஒரு பக்கம் அசையவில்லை. கண் மட்டும் அலைந்துகொண்டிருந்தது. வாய் கோணியிருந்தாலும் சொல் தெளிவாக இருந்தது. "அய்யா, இங்க வந்து இருங்க. தரையில இருக்கலாம். தண்ணி குடியுங்க. பிள்ளைக்கு வலி இல்ல." சொல்லி நிறுத்துவாய். அடுத்த வாக்கியம் வராது. மறுபடியும் முதலிலிருந்து, "அய்யா, இங்க வந்து இருங்க."

ஜீனா என் தோளைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம், திரை, மீனவர், என் பூட்ஸ் கயிறு, ஒன்றையும் விடவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போய் உன் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்கு முன் உன் கண் என்மேல் வந்து நின்றது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"எடீ," என்றாய். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! "எனக்கு முடியல்லடீ. அவரு வெளிய இருக்காரு. இந்த ஒரு தடவ நீ போய்ச் சொல்லேன்."

இலங்கையில் இருந்த அத்தனை மாதங்களில் நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. "சரி, நான் போறேன்" என்று எழுந்தேன். அறையை விட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சும்மா நின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் நீ கேட்டது அது இல்லையே. சுவரைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். "ஐயா, உங்க பொண்ணு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். வரவில்லை. யாருமற்ற வராந்தாவில், கேட்க ஒரு தகப்பன்கூட இல்லாத இடத்தில், எனக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை.

உள்ளே வந்து உன் கையைப் பிடித்தேன். "சொல்லிட்டேன்டி" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அழுதார். அப்புறம் உள்ளே வந்து குழந்தை கையைப் பிடிச்சுண்டு உக்காந்துட்டார்."

"அழுதாரா?" என்றாய். "நல்லதாப் போச்சு." கண்ணை மூடிக்கொண்டாய். அதன் பிறகு நீ பேசவில்லை. மறுநாள் காலை போய்விட்டாய். உன்னை அடக்கம் செய்தபோது உன் ஊர்ச் சபையில் எல்லாம் தமிழில்தான் நடந்தது. ஜீனா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்த்தாள். அவள் காதருகே குனிந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

நான் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இப்போதும் வீட்டில் தனியாக இருக்கும்போது, அந்த வாக்கியத்தை முடிக்கப் பார்க்கிறேன். "ஐயா, உங்க பொண்ணு" என்பது வரைக்கும் வருகிறது.