ஜெபமாலைக்குள் வந்த பைக்

மாதா துணை

குடிகாடு,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்புள்ள மகள் இளமதிக்கு அத்தை ரோசி எழுதுவது. நானும் மாமாவும் வேளைக்குச் சாப்பிட்டு, எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அனிதா பாப்பாவும் அங்கே சிதம்பரத்தில் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் மாமா ஸ்பீக்கரில் போடு என்பார். என் குரல் கொஞ்சம் மாறினாலும் நீ அழுதுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கை. எழுத்து கோணியிருந்தால் நிதானமாகப் படி.

இங்கே ஐப்பசி பிறந்தும் இன்னும் மழை பிடிக்கவில்லை. மாமாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி. ரேஷன் கடைக்கு நடக்க முடியாது என்கிறார். அதைத் தாண்டி இருக்கிற டீக்கடைக்கு மட்டும் நடக்கிறார். ஜெகன் கல்லறைச் சிலுவையில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஒரு சின்ன டப்பா வாங்கி நானே அடித்துவிட்டேன்.

எனக்கு ஒரு தொந்தரவு. ஜெபத்தில் பராக்கு. நீ கல்யாணமாகி வந்த புதிதில், பராக்குன்னா புள்ளைக்கு வேடிக்கை காட்டி சோறு ஊட்டறதுதான அத்தே என்று கேட்டாய். நம் கோயிலில் அதற்கு வேறு அர்த்தம். வாய் ஜெபம் சொல்லும், மனசு வேறு எங்கேயோ போய் நிற்கும். ஜெகன் செத்தபோதுகூட எனக்கு அது வந்ததில்லை. அழுதுகொண்டே சொல்லுவேன், ஆனாலும் மனசு ஜெபத்திலேயே இருக்கும். இந்த ஆவணியிலிருந்துதான் இப்படி. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் ஒரு பைக் வருகிறது.

அது எந்த பைக் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஆவணியில் எதிர்வீட்டு பெலிசியா தன் மகளை அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் விடப் போனாள். நானும் கூடப் போனேன். உன்னையும் பாப்பாவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டேன். நீ வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்ப்பக்கம் நான் வந்து நின்றபோது, நீ ஒரு பைக்கில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினாய். தலையில் பூ இருந்தது. ஓட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை. முறுக்கை பெலிசியா மகளிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பெலிசியா உன்னைப் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். நம்ம புள்ள போயி, போன ஆடியோடு ரெண்டு வருஷந்தான ஆவுது, அதுக்குள்ளயா என்று மனசு கேட்டது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டியும் கேட்டது.

ஜெபத்தில் மனசு நிற்கவில்லை என்று மட்டும் பெலிசியாவிடம் சொன்னேன். கண்ண மூடிக்கக்கா, எல்லாம் நின்னுடும் என்றாள். கண்ணை மூடினால் பைக் இன்னும் பளிச்சென்று வருகிறது.

போன வாரம் அன்பிய ஜெபக் கூட்டம் நம் வீட்டில். தெருவே வந்து கூடத்தில் உட்கார்ந்தது. ஜெபமாலையை நான் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். மாலையின் நாலாவது பத்து மணிகளில் என்று நினைக்கிறேன், அருள் நிறைந்த மரியே என்று தொடங்க வேண்டிய இடத்தில், பாத்து ஓட்டு, புள்ள தூங்குது என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. எல்லோரும் ஒரே குரலில், தூய மரியே, இறைவனின் தாயே என்று பதில் சொல்லி முடித்தார்கள். மாமா மட்டும் திரும்பிப் பார்த்தார். பிறகு சுண்டல் கொடுக்கும்போது பெலிசியா, வண்டிய மாதாதான் ஓட்டுனாங்களாக்கா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பிள்ளை தூங்கியதை நான் எப்போது பார்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நேற்று முன்தினம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இந்தப் பராக்கைச் சொன்னேன். புதிதாக வந்திருக்கும் ஃபாதர் சின்ன வயசு. எனக்கும் வருதும்மா, பூசை நடுவுலயே மத்தியானம் என்ன கொழம்புன்னு தோணுது என்றார். அதத் தொரத்தாதீங்க, தொரத்தத் தொரத்தத்தான் வரும், என்ன காட்டுதுன்னு நல்லாப் பாத்துட்டு அதையே ஆண்டவருகிட்ட சொல்லுங்க என்றார்.

அன்று சாயந்திரம் ஜெபமாலையை எடுத்தேன். பைக் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் உன் தலையில் இருந்த பூ. அதற்குப் பிறகு பாப்பா. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் அவர் முதுகில் நசுங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. உன் துப்பட்டாவால் அவளை அவர் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாய். சைக்கிளில் போன பையன்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ரோட்டில் பள்ளம் வந்த இடத்தில் அவர் இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை மெல்ல உருட்டிக் கடந்தார். இதெல்லாம் அன்றைக்கு என் கண் முன்னால்தான் நடந்தது. எனக்குப் பூ மட்டும்தான் தெரிந்தது.

ஜெகன் அப்படி ஓட்டினவன் இல்லை. நம் பிள்ளை, நான் சொல்லலாம். நீ பின்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவா, மெதுவா என்பாய். அவன் சிரிப்பான். நீ கூட இல்லாத அன்று அந்த லாரி வந்தது.

நேற்று ஜெபமாலை முழுதும் சொன்னேன். பைக் வரவில்லை. வரவில்லையே என்று நானே ஒரு தரம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு வந்தே ஆக வேண்டும் என்று போன வருஷம் உன்னை நெருக்கினேன். இந்த வருஷம் உனக்குத் தோதுப்பட்டால் வா. மாமாவிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். அது உன் கவலை இல்லை. பாப்பாவுக்குச் சளி பிடித்தால் கற்பூரவள்ளி கொடு, உடனே மாத்திரைக்கு ஓடாதே.

தினமும் ஜெபம் முடிக்கும்போது உன் பெயரையும் பாப்பா பெயரையும் சொல்கிறேன். அதற்கு அடுத்து அந்த பைக்குக்காரர் என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கிறது. மாதாவுக்கு ஆள் தெரியும்தான். இருந்தாலும் அவர் பெயரை எழுதி அனுப்பு.

உன் அத்தை,
ரோசி