பெயிண்ட் மேல் முடுக்கிய எர்த் வயர்

முந்தாநாள் கார் கிளம்பாததால் பாகூர்ப் பள்ளி ஒன்றில் கல்பனாவுக்கு இருந்த இன்டர்வியூ போய்விட்டது. "நீதான் கார் லைட்ட அணைக்காம வுட்டுட்ட!" என்று அவள் கணவன் கலைவேந்தன் தன் அண்ணன் எதிரிலேயே கத்தினான். "நான் அணைச்சேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நேற்று மெக்கானிக் ரஷீத் மீட்டர் வைத்துப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தான் கீது. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போற வோல்டேஜ் விழுந்துடுது. எர்த் வயர பெயிண்ட் மேலயே முடுக்கினா கரண்ட் எப்டி போவும்? முடுக்கினது யாருப்பா?"

காரில் ஸ்பீக்கர் மாட்டிய அன்று அதைக் கழற்றி முடுக்கியது கலைவேந்தன்தான்.

இன்று காலை கரும்பு வெட்டுக்குக் கிளம்பும்போது கல்பனா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப முகமில்லாமல் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினான்.

"கல்பனா, சாவி டிவி பக்கத்துல கீது. பெயிண்ட சுரண்டி வயர மாட்டியாச்சி, கார் ஒரே அடியில கிளம்புது. ஸ்கூலுக்கு நேத்தே போன் பண்ணிக் கெஞ்சினேன். இன்னிக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது, சாப்ட்டுப் போ. சிலிண்டர் வந்தா பக்கத்து வூட்ல வாங்கி வெப்பாங்க."

தாளில் இடம் தீர்ந்தது. ஓரத்தில் நெருக்கி, "உன்மேல தப்பு இல்ல. வயர தப்பா மாட்டினது நான்தான். மன்னிச்சிடு" என்று சேர்த்தான்.

மதியம் திரும்பியபோது காரும் இல்லை, கல்பனாவும் இல்லை. தாளின் பின்பக்கம் அவள் எழுதியிருந்தாள்: "இன்டர்வியூக்குப் போறேன். எனக்கு எழுதிட்டீங்க. உங்க அண்ணங்கிட்ட சொன்னீங்களா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கலைவேந்தன் அண்ணன் வீட்டுக்கு நடந்தான்.