இருபத்தாறாம் தேதி பாடவேண்டிய மூன்றாவது பாட்டு

23 ஜனவரி 1965, சனி

ஊரெல்லாம் இந்தி எதிர்ப்பு. குடியரசு தினத்தன்று எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாடும் மூன்றாவது பாட்டோ இந்திப் பாட்டு. தேர்ந்தெடுத்தவன் நான்தான். மெட்டு சுலபம், சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்காது என்று தீபாவளி சமயத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிட்டயரான பிறகும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனதற்கு எனக்கு இது வேண்டும்.

இன்று ஒத்திகையில் ஸ்டெல்லா கேட்டாள். "கல்லெறிவாங்களா சார்? எங்கண்ணனே காலேஜ் பசங்களோட வருதாம்."

"உங்கண்ணனுக்குக் குறி பார்க்கத் தெரியாது, பயப்படாதே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ஆர்மோனியத்தில் தப்பான கட்டையை அழுத்தினேன்.

பாட்டை மாற்றிவிடலாம் என்று தலைமையாசிரியை மதரிடம் போய்ச் சொன்னேன்.

"நோட்டீஸ் அச்சடிச்சாச்சே சார். புதுப் பாட்டுக்கு மூணு நாள் போதுமா? வார்த்தையை விட்டுடுங்க. மெட்டை மட்டும் லா லான்னு பாடட்டும்."

சரி என்று வந்துவிட்டேன். வார்த்தையை விட்டால் ஆயிற்றா? டீக்கடை ரேடியோவில் தினமும் கேட்கும் மெட்டு. அது எந்தப் பாட்டென்று தெரியாதவர் திருச்சியில் யார்?

ஸ்டெல்லா முன்வரிசையில் நிற்கிறாள். குள்ளம் என்று நான்தான் நிறுத்தினேன். திங்களன்று அவளைப் பின்னால் மாற்றிவிட வேண்டும். மாற்றினாலும், முன்வரிசை என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்.