எண்ணூறு கிலோமீட்டர்

அன்பு மகள் கேசியாவுக்கு நைனா எழுதுவது. வியாழக்கிழமை பகல் 11.20க்கு, பாக்டரியில் மாம்பழக்கூழ் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கவுஹாத்தி ஆஸ்பத்திரியில் உன் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற செய்தி வந்தது. கிரீஸ் கையோடு எல்லோருக்கும் காட்டினேன், கேண்டீனில் நாற்பது பேருக்கு மைசூர்பாகு கொடுத்தேன். அம்மா இருந்திருந்தால் சித்தூர் பூராவுக்கும் கொடுத்திருப்பாள். போனில் பேசினால் நாம் இரண்டு பேருமே அழுதுவிடுகிறோம், அதனால்தான் கடிதம்.

"எனக்கு இனிமே பணம் அனுப்பாத நைனா, பழைய கார் ஒண்ணு வாங்கிக்கோ, மிச்சமாகும்" என்று எழுதியிருந்தாயே, கணக்குப் போட்டேன். அம்மா தன் செடி நர்சரிக்கு வாங்கிய பிக்கப்பில் நான் வேலைக்குப் போனால் கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய், சின்னக் காரில் ஐந்தரை. ஆனால் காருக்கு இன்ஷூரன்ஸ், சர்வீஸ், விலை குறைவது எல்லாம் சேர்ந்து மாதம் இரண்டாயிரம். மாதம் எண்ணூறு கிலோமீட்டர் ஓடினால்தான் கட்டுப்படியாகும். நான் ஓடுவது முன்னூற்று அறுபது. வீடு, பாக்டரி, வீடு. அம்மா போனதிலிருந்து இந்தப் பத்து மாதமாக வேறெங்குமே போகவில்லை என்பது இந்தக் கணக்கில்தான் எனக்கே தெரிந்தது.

கார் வேண்டாம் என்று மெக்கானிக் ஆதிகேசவனிடம் சொன்னேன். "கரெக்ட்டு சார், நீங்க பாக்டரிலயே படுத்துக்கினா அந்த டீசலும் மிச்சம்" என்றான். கோபம்தான் வந்தது, பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, ஞாயிறுதோறும் பலமனேரில் அத்தை வீடு, மாதம் இரண்டு முறை திருப்பதியில் கிருபானந்தம் மாமா வீடு என்று சேர்த்தேன். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு! ஊர் சுற்றி மிச்சம் பிடிக்கும் இந்தக் கணக்கை எந்த இன்ஜினியரும் ஒப்புக்கொள்ள மாட்டான். நேற்றே காரை வாங்கிவிட்டேன். வெள்ளை நிறம், ஏசி சுமார், இடது கதவை இழுத்துச் சாத்த வேண்டும். பிக்கப் நர்சரிக்கே போய்விட்டது, "அக்கா வண்டி, ஒரு கீறல் உழாது" என்று, இப்போது நர்சரியைப் பார்த்துக்கொள்ளும் கோவர்த்தனன் சாவியை வாங்கிக்கொண்டான்.

நைட் டியூட்டி முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. குளிருக்கு நல்ல ஷூ வாங்கு. கிறிஸ்துமஸ் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, மறக்காதே. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பார், அந்தக் கைகளால் நாலு பேர் பிழைக்கட்டும்.

இன்று ஞாயிறு. இந்தப் பத்து மாதமும் ஞாயிற்றுக்கிழமை எந்த மோட்டார் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும், நானும் ஓடிவிடுவேன். இன்று அத்தை மட்டன் வைக்கிறாளாம், "வரலைன்னா மொத்தத்தையும் நானே துன்னுடுவேன்" என்கிறாள். கிளம்புகிறேன். போனை அணைத்துவிட்டேன்.

உன் நைனா,
ஜோஷுவா