இறக்கத்தில் சொன்ன செய்தி

அக்கா,

நேற்றைய மழையில் கொடியில் கிடந்த கம்பளி நனைந்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் விரித்தேன். சூடு பட்டதும் ஈரக் கம்பளிக்கே உரிய ஆட்டு வாடை எழுந்து வீடு முழுக்கப் பரவியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என் கை தானாக நீண்டு காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. அது உன் தூளியின் ஓரம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அந்த ஐப்பசியைப் பற்றி நாம் இருவரும் பிறகு அதிகம் பேசிக்கொண்டதில்லை. இன்று உன்னிடம் பேச வேண்டும்போல் இருக்கிறது.

அப்போது கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. நீ மலைமேல் அரியூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். மாமா மலையில் மிளகும் பலாவும் வாங்கி, ஆட்கள் தலைச்சுமையில் கீழே அனுப்பி வியாபாரம் செய்துவந்தார். கைக்குழந்தையோடு அந்தக் கரட்டுப் பாதையில் இறங்கி ஏறுவது லேசான காரியமா? நீ அடிவாரத்துக்கு வருவதே அபூர்வம். நம்மோடு பிறந்த மற்றவர்களும் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். பெரியக்கா சேலத்தில், பெரியண்ணன் பெங்களூரில், சின்னண்ணன் நீலகிரிப் பக்கம் அணைக்கட்டு வேலையில், தம்பி நெய்வேலியில், கடைசித் தங்கை கோயமுத்தூரில். அம்மாவுக்குப் பக்கத்தில் அடிவாரத்தில் இருந்தது நான் மட்டும். எல்லோரும் என் விலாசத்துக்கே கடுதாசி போடுவார்கள். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை, தை அறுப்பு முடிந்ததும், நான் மலையேறி வந்து உன் அடுப்படியில் உட்கார்ந்து அந்த வருஷத்துக் குடும்பச் செய்தி அத்தனையும் உனக்குச் சொல்வேன். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் புது வீடு கட்டினார்கள் என்று. நீ மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்பாய். நான் அவசரப்பட்டால் உனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் தை வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. உனக்கு மூன்றாவது பிரசவம் நெருங்கியிருந்தது. முதல் இரண்டுக்கும் கூட இருந்த அம்மா இந்த முறை எழுந்து நடமாடும் நிலையில் இல்லை. ஆவணியில் சின்னண்ணன் இறந்துபோயிருந்தான். வேலை செய்த இடத்திலேயே மஞ்சள் காமாலை கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதைச் சொல்லக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். நான் கிளம்பும்போது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சேலத்திலிருந்து வந்திருந்த பெரியக்கா என் கையைப் பிடித்து அழுத்திச் சொன்னாள்.

"புள்ளை பொறந்து அவ ஒடம்பு தேறட்டும். அதுவரைக்கும் வாயைத் தொறக்காதே, கண்ணு."

நான் மலையேறி வந்ததும், அம்மா ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது முட்டிவலி என்றேன். நீ என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, சரி என்று சொன்னாய்.

மறுநாள் விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனமான குழந்தை. குழந்தை அழுததும் நீ சிரித்தாய். எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் வெந்நீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மருத்துவச்சியின் முகம் மாறியிருந்தது. உனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அவள் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தாள். துணி மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தது. உன் உதடு வெளுத்துப்போயிற்று. அவள் மாமாவை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"கீழ கொண்டுபோயிருங்க சாமி. இனி எங்கையில இல்லை. போற வழியில கண்ணை மட்டும் மூட உடாதீங்க."

மாமா ஓடினார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நீளமான மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி உன்னை அதில் கிடத்தினோம். கைக்குழந்தைக்காரியான பக்கத்து வீட்டு நல்லம்மா உன் மகளைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன், போங்க" என்றாள். வெளியே மழை விட்டிருந்தது. பாதை மட்டும் வழுக்கலாகக் கிடந்தது. முன்னால் தோள் கொடுத்த சடையன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க பக்கத்துலயே வாங்க அம்மிணி. அவுங்ககிட்டப் பேசிக்கிட்டே வாங்க. உங்க சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கும் தைரியமா இருக்கும்."

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. தைக்காகச் சேர்த்து வைத்திருந்த செய்திகள்தான் கையில் இருந்தன. தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

பெரியக்கா மகள் கல்யாணத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை தறிக்காரர் வீட்டுப் பையன், கூச்சக்காரன், தாலி கட்டும்போது கை நடுங்கிப் பூசாரி சிரித்துவிட்டார் என்று சொன்னேன். முகூர்த்தப் புடவை என்ன கலர் என்று நீ கேட்டாய். உன் குரல் அடிக்கிணற்றிலிருந்து வருவதுபோல் இருந்தது. அரக்கு என்றேன். பெங்களூர் அண்ணன் சொந்த வீட்டுக்குக் குடிபோனதைச் சொன்னேன். நம் தம்பிக்கு நெய்வேலியில் வேலை நிரந்தரமானதையும், அந்தச் சந்தோஷத்தில் அவன் ஒரு சைக்கிள் வாங்கி அன்றைக்கே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதையும் சொன்னேன். கோயமுத்தூர்க்காரிக்கு இரட்டைக் குழந்தை. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. எது யார் ஜாடை என்று இரண்டு வீட்டாருக்கும் சண்டை. நீ "ம்" என்றாய். அப்புறம் அந்த "ம்" சன்னமாகிக்கொண்டே வந்தது.

ஒரு செங்குத்தான இடத்தில் ஆட்கள் பக்கவாட்டில் திரும்பி, வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். தூளிக்கு அடியில் கம்பளி ஈரமாகிச் சொட்டியது. மழைத் தண்ணீர்தான் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். உன் இமை இறங்கியது. நான் உன் கன்னத்தைத் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னிடம் செய்தி தீர்ந்துபோயிருந்தது. பெரியக்கா மகள் கல்யாணத்தையே மறுபடி ஆரம்பித்தேன்.

"அதைத்தான் சொல்லிட்டியே" என்றாய் நீ, கண்ணைத் திறக்காமலே. பிறகு கேட்டாய்: "சின்னண்ணனைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

என் சத்தம் நின்றதும் ஆட்களும் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு விஷயம் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சௌக்கியமாக இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். முட்டிவலி என்றபோது பார்த்த அதே பார்வை.

"அண்ணன் போயிட்டான் அக்கா. ஆவணியில. காமாலை கண்டு" என்றேன்.

மாமா அங்கேயே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். உன் மூச்சு நிற்கப்போகிறது, நானே உன்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் உன் கை தூளிக்கு வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அவ்வளவு ரத்தம் போன உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"கூட யாரு இருந்தா?"

தம்பி நெய்வேலியிலிருந்து போய்ச் சேர்ந்துவிட்டான் என்றேன். சடையன் நடக்கச் சொல்லிச் சைகை காட்டினார். தூளி மறுபடி நகர்ந்தது. நீ கேட்டுக்கொண்டே வந்தாய். கடைசியில் தண்ணீர் கேட்டானா, நினைவு இருந்ததா, ஊருக்குக் கொண்டுவந்தார்களா, யார் கொள்ளி வைத்தது, அம்மா பார்த்தாளா. கல்யாணத்துக்கும் புது வீட்டுக்கும் கேட்காத கேள்வியெல்லாம் அண்ணனுக்காகக் கேட்டாய். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நீ சத்தமாக அழுதாய். பிறகு உனக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு மாசமா எல்லாரும் சேந்து எங்கிட்ட மறைச்சீங்களா? நான் என்ன வேத்தாளா? அம்மா அங்க ஒத்தையில ஒக்காந்து அழுவறா, நான் இங்க கெழங்கு தின்னுட்டு இருந்திருக்கறேன்."

அடிவாரம் வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாய். உன் கண் மூடவே இல்லை. முன்னால் ஓடிய ஆள் சொல்லிவைத்திருந்ததால் கீழே வண்டி காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் உன்னை வாங்கி உள்ளே கொண்டுபோன நர்ஸம்மா, இந்த நிலைமையில் பேசிக்கொண்டு வருகிறாரே என்று ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகும் இரண்டு நாள் எதுவும் நிச்சயமில்லை. மாமா வராந்தாவின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார், நான் மறு கோடியில். அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் என்னை மன்னித்திருக்க மாட்டார். நானும் என்னை மன்னித்திருக்க மாட்டேன்.

நீ பிழைத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மாவிடம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். நல்லம்மா உன் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்தாள். அம்மாவும் நீயும் ஒரே கட்டிலில் படுத்து அழுதீர்கள். அன்றுதான் அம்மா ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிட்டாள். சாயங்காலம் நீ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாய்.

"நீ கல்யாணக் கதை சொல்றப்ப எனக்குத் தூக்கம் தூக்கமா வந்துச்சு. எல்லாரும் நல்லா இருக்கறாங்க, நாம போனாப் போயிடலாம்னு இருந்துச்சு. அண்ணன் இல்லைன்னு கேட்டப்பறம் எப்படிக் கண்ணை மூடறது? அம்மாகிட்ட வந்து சேரோணுமில்ல" என்றாய். பிறகு, "இனிமே கெட்டதை மொதல்ல சொல்லிப்போடு. அப்பறம் நல்லதைச் சொல்லு, நிம்மதியாக் கேட்டுக்கறேன்" என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் அப்படித்தான் செய்தோம். ரோடு வந்து, மலைமேல் செம்மேடு வரைக்கும் பஸ் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. மாமா எனக்குச் சாப்பாடு போடச் சொல்வார், ஊர் சௌக்கியம் கேட்பார். ஆனால் அந்த இறக்கத்தை அவர் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன மாசியில் நெஞ்சுவலி வந்து ராத்திரியே நீ போய்விட்டாய். செய்தி காலையில் முதல் பஸ்ஸில் எனக்கு வந்தது. அம்மா வீட்டுக்கு ஓடினேன். சேலத்திலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த பெரியக்கா வாசலிலேயே என்னை மறித்தாள். இந்த வயதில் அம்மா தாங்கமாட்டாள், எல்லாம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளைத் தாண்டி உள்ளே போனேன்.

அம்மா பின்கட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, "அம்மா, மலையக்கா போயிட்டா" என்றேன்.

அம்மா கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டாள். சாயங்காலம் என்றேன்.

"பஸ் இருக்குதில்ல? இரு, பொடவையை மாத்திக்கிட்டு வாரேன்."

பஸ் மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் அம்மாவுக்குக் குமட்டியது. என் தோளில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி உன் வீட்டு வாசலுக்கு நடந்து வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்து, உன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த ஐப்பசியில் பிறந்த உன் மகள், இப்போது பத்து வயதுக்காரி, வந்து அவள் மடியில் விழுந்தாள். அவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். மாமா என் அருகே வந்து நின்றார்.

"நல்லவேளை, அம்மாவைக் கூட்டியாந்தே" என்றார். அந்த வராந்தாவுக்குப் பிறகு அவர் என்னிடம் மனம் விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இப்போதெல்லாம் நம் குடும்பத்தில் கெட்ட செய்தி ஏதாவது வந்தால் அது முதலில் என் வீட்டுக்கு வருகிறது, அக்கா. நீ போய்ச் சொல்லிவிடு என்கிறார்கள். எனக்கு இன்னும் அது பழகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றவே நேரம் எடுக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து முதல் வார்த்தையாக அதையே சொல்லிவிடுகிறேன். பிறகு அவர்கள் கேட்பதெல்லாம் கேட்டு முடிக்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை.