உரக்கிடங்குக்கு இரண்டு வாய்க்கால்

1983 ஐப்பசி, செவ்வாய் இரவு.

புது ஓவர்சியர் அம்மாவுக்கு நான் வைத்த பட்டப்பெயரை இன்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். "வாங்க, வாய்க்கால் மகராணி" என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "மகராணிக்கு ஒரு மம்பட்டி கொண்டாங்க அண்ணாச்சி" என்றார்.

எங்கள் உரக்கிடங்கில் சாக்கடைக் கசட்டையும் குப்பையையும் மக்க வைக்கிறோம். போன மழையில் அது கரைந்து ஓடி, கீழே மாடசாமியின் கிணறு கறுத்துப்போனது. இன்னொரு தடவை அப்படி ஆனால் அவன் எலுமிச்சைத் தோட்டம் போய்விடும். அதனால்தான் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என இரண்டு வாய்க்கால் வெட்ட வைத்தார் ஓவர்சியர் அம்மா.

"ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணாம்மா?" என்று கேட்டேன்.

"மேல உள்ளது மழைத்தண்ணிய உள்ள விடாம சுத்தி அனுப்பிரும். கீழ உள்ளது கசட்டுத் தண்ணியக் குழிக்குக் கொண்டுபோயிரும். ரெண்டும் சண்டை போட்ட சம்பந்தி மாதிரி. பாத்துக்கிடவே கூடாது."

சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. இரண்டு தண்ணீரும் அவர் சொன்ன வழியிலேயே போயின. மாடசாமி ஒரு வாளி இறைத்துப் பார்த்துவிட்டு, "தெளிவா கெடக்கு வே" என்று கத்தினான். இந்த ஓவர்சியர் பிள்ளைக்கு எவ்வளவு புத்தி என்று வியந்துகொண்டே பின்னால் நகர்ந்தேன்.

கசட்டுக் குழி இடுப்பளவு ஆழம்தான். வீட்டில் மூன்று தடவை குளிக்க வைத்தார்கள். என் பாயை மாட்டுக் கொட்டகையில் விரித்திருக்கிறார்கள். மாடு கொஞ்சம் தள்ளிப் படுத்திருக்கிறது.