சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு விரல் கீழே

இன்று வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. ராயபுரத்துச் சந்தில் ஆறு பேர் நிற்கிறோம். ஏழாவது ஆளாக நீ இருந்திருக்க வேண்டும். என் சட்டைப் பையில் உன் சாக்பீஸ் துண்டு கிடக்கிறது. நீ போன பிறகு இன்றுதான் அதை எடுத்தேன். விரலில் ஒட்டிய வெள்ளை இன்னும் போகவில்லை.  படியில் உட்கார்ந்து செல்போனில் உனக்கு எழுதுகிறேன்.

பனியன் கம்பெனிகளுக்கு நிட்டிங் மெஷினை மாடியில் ஏற்றிக் கொடுப்பது நாம் சேர்ந்து தொடங்கிய தொழில். கிரேன் நுழையாத சந்துகள்தான் நமக்குச் சோறு போட்டன. மொட்டைமாடியிலிருந்து வெளியே நீளும் இரும்பு கர்டர், அதில் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் நம் செயின் பிளாக், அதன் கொக்கியில் இரண்டு டன் மெஷின். தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதும் நீ கையை உயர்த்துவாய்.

"நிப்பாட்டுலே."

மெஷினின் அடிப்பாகத்துக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு இழுப்பாய். "டீ குடிச்சிட்டு வருவோம். அதுவரைக்கும் தொங்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அசையாமத்தானடா தொங்குது? ரெண்டு பக்கமும் விசை சமம். தூக்குடா, பயந்தாங்கொள்ளி."

"சமம்னா சமாதானம்னு நெனைச்சியால? கீழ ஒருத்தன் இழுக்கான், மேல ஒருத்தன் இழுக்கான். மேல உள்ளவன் சலிச்சிருவான். பூமி டீ குடிக்கப் போவாதுல்ல."

பாலிடெக்னிக்கில் மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு போட்டு, விடை சுழியம் என்று எழுதி இருவரும் மதிப்பெண் வாங்கினோம். அந்தச் சுழியத்தை நான் நம்பினேன். நீ அதைக் கண்டு பயந்தாய். வேலம்பாளையம் அறையில் ஃபேனுக்கு நேர் கீழே நீ படுத்ததே இல்லை. சுவரோரம் கட்டிலைத் தள்ளிப் போட்டு வியர்வையில் கிடப்பாய். கூரைக் கொக்கியைக் காட்டி, "ராத்திரி பூரா அது முழிச்சிருக்கணும்லே" என்பாய். டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலை நகர்த்தச் சொன்னாய். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன். மேலே தொங்கிய எதுவும் உன்னைக் கொண்டுபோகவில்லை. ஒரு கொசு கொண்டுபோனது.

அறை இப்போது எனக்கு மட்டும். கட்டிலை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நீ இல்லாமல் ஏற்றும் முதல் மெஷின் இது. ஒரு சாண் தூக்கினோம். கை தானாகப் பைக்குள் போனது, கோடு இழுத்தேன். டீ குடித்துவிட்டு வந்தோம். சத்தமில்லை, ஆட்டமில்லை, விட்டுப்போன மாதிரியே தொங்கியது. கோட்டைப் பார்த்தேன். அடிப்பாகம் ஒரு விரல் கீழே இருந்தது.

 மெஷினுக்கு அடியில் குனிந்து கையை விட்டு, இறக்கிவைக்கும் பலகையை நகர்த்திக்கொண்டிருந்த நம் ஆளின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். உடனே மெஷினைத் தரையில் இறக்கிவிட்டோம்.

பனியன் கம்பெனி முதலாளி வந்தார். "ஏனுங்க தம்பி, ஒரு வெரலுக்குப் போயி இப்படிப் பயப்படறீங்க? சாயங்காலம் மெஷின் ஓடோணுமுங்க. உங்க சிநேகிதருதான் பயந்தவரு. நீங்க தைரியமான ஆளுன்னுதானுங்க கூப்புட்டேன்."

"இல்லீங்க. நானும் பயந்தவன்தானுங்க."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

இப்போது சந்து முனையில் நின்று யாருக்கோ போன் போடுகிறார். செயின் வழுக்கியதா, கர்டரின் பின்பக்கம் போல்ட்டை விட்டு மேலே கிளம்புகிறதா, எனக்குத் தெரியவில்லை. செயின் என்னுடையது, கழற்றிக்கொண்டு போய்விடலாம். கர்டர் கட்டடத்தோடு இருப்பது. வருகிறவன் அதிலேயே தன் செயினை மாட்டுவான். கோடு இழுக்க மாட்டான். அவனுடைய ஆள் ஒருவர் அடியில் குனிவார்.

இனி நான் செய்யப்போவது:

1. சந்தின் இரு பக்கமும் கயிறு கட்டுவேன். மெஷினுக்குப் பக்கத்தில் யாரும் வரக் கூடாது.
2. செயின் பிளாக்கை இறக்கி, பிரேக்கைப் பிரித்துப் பார்ப்பேன்.
3. மொட்டைமாடிக்குப் போய், கர்டரின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பயம்தான். போவேன்.
4. வருகிறவன் யாராக இருந்தாலும் சுவரில் இருக்கும் கோட்டைக் காட்டுவேன். கேட்காவிட்டால் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.
5. அறைக்குப் போனதும் கட்டிலைச் சுவரோரம் தள்ளுவேன்.